பொறுங்க ராத்தா

நடந்தது இதுதான்.

1. திங்கட்கிழமை காலை, பரிசோதனை முடிவுகளைச் சேமிக்கும்போது திரை உறைந்து நிற்கிறது என்று எங்கள் ஆய்வுகூடத்தின் முன்மேசையிலிருந்து முறைப்பாடு வந்தது.

2. கேபிளாக இருக்கலாம் என்று நினைத்து மாற்றினேன். பயனில்லை.

3. வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தேன். பயனில்லை. திரும்பப் போட்டுவிட்டேன்.

4. சேர்வரிலிருந்து ஒரு பெரிய கோப்பை என் மடிக்கணினிக்கு எடுத்தேன். வேகமாக வந்தது. அதையே திரும்பச் சேர்வரில் எழுதினேன். ஊர்ந்தது. ஆக, படிப்பதில் பிழையில்லை, எழுதுவதில்தான்.

5. டிஸ்க்குகள் எல்லாவற்றிலும் பச்சை விளக்கு. ஒன்றும் சாகவில்லை.

6. இதற்கிடையில் முன்மேசையில் பொறுமையிழந்து, சேமிக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு ரிப்போட் வந்தது. அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, எது தன்னுடையது என்று கேட்டார்.

7. டிஸ்க்குகளுக்கு முன்னால் நின்று வேலை வாங்கும் கொன்ட்ரோலர் என்ற அட்டையைத் திறந்து பார்த்தேன். அதன் பெட்டரி செத்திருந்தது. செத்த நாளிலிருந்து அது தன் வேலை முறையைத் தானாகவே மாற்றிக்கொண்டிருந்தது.

8. நான் சிரித்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

எட்டாவதை விளக்க வேண்டுமானால் ஏழாவதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த அட்டைக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நினைவகம் உண்டு. எழுதச் சொல்லி நாம் ஒன்றைக் கொடுத்தால், அதைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று உடனே பதில் சொல்லிவிடும். உண்மையில் இன்னும் எழுதியிருக்காது. பிறகு, தன் வசதிப்படி டிஸ்க்கில் இறக்கும். நமக்கு அந்தப் பதில் போதும். அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். உலகத்தில் பெரும்பாலான சேர்வர்கள் வேகமாக இருப்பது இந்த முன்கூட்டிய பதிலினால்தான். இடையில் கரண்ட் போனால் கையிலிருப்பதைக் காப்பாற்றி வைக்கத்தான் அந்தச் சின்னப் பெட்டரி. அது செத்துவிட்டால், நல்ல கொன்ட்ரோலர் முன்கூட்டிப் பதில் சொல்வதை நிறுத்திவிடும். ஒவ்வொன்றும் டிஸ்க்கில் போய் விழுந்த பிறகுதான் "ஓம்" என்று எங்கள் ஊர் ஆமாம் சொல்லும். அதுவரைக்கும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

இப்படி ஓர் ஆளை எனக்குத் தெரியும். கல்முனையில் இதே ஆய்வுகூடத்தில், சேர்வர் அறைக் கதவுக்கு வெளியே முன்மேசையில் இருந்தவர். ஒரு காரியம் முடியும்வரை அவர் வாயிலிருந்து ஓம் என்ற சொல் வராது. அப்படித் தராமல் வைத்திருந்த ஓர் ஓமினால் வீடும், கூடப்பிறந்த அண்ணனான காக்காவும், ஊரும் அவருக்கு இல்லாமல் போயின.

எல்லோரும் அவரைப் பொறுங்க ராத்தா என்றுதான் சொல்வார்கள். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். அவர் கோபித்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொம்பியூட்டர் படிச்ச புள்ளயா?"

"ஓம் ராத்தா."

"முடிச்சிட்டியா?"

"கடைசிச் சோதின ரிசல்ட் இன்னும் வரல்ல."

"அப்ப என்னத்துக்கு ஓம் எண்ட?"

அவருக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வருவார். அபாயாவின் கைகளை முழங்கை வரை ஏற்றிவிட்டு, வெள்ளைக் கையுறை போட்ட பிறகுதான் நாற்காலியை இழுப்பார். சுற்றுவட்டாரத்து டிஸ்பென்சரிகளிலிருந்து இரத்தமும் சிறுநீரும் குளிர்பெட்டியில் வரும். கொண்டு வருபவர் ஓர் ஆட்டோக்காரர். பெட்டியை மேசையில் வைக்கும்போதே பாதி உடம்பு வாசலுக்குத் திரும்பியிருக்கும்.

"ராத்தா, எல்லாம் சரி. ஓம் எண்டுங்க, நான் போகணும்."

"பொறுங்க."

ஒவ்வொரு குழாயாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பெயரைப் படித்து, தாங்கியில் நிறுத்துவார். கடைசிக் குழாய் நின்ற பிறகுதான் நிமிர்வார். "ஓம். கிடைச்சிது."

"இந்த மனுசிக்குச் சலாம் சொன்னாலும், பதில் வாறத்துக்குள்ள என்ட ஆட்டோவில பெட்ரோல் முடிஞ்சிரும்" என்பார் ஆட்டோக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி.

"சலாத்துக்குப் பொறுக்கிறல்ல. அது மட்டும் ஒடனே குடுக்கணும். நீங்க இண்டைக்குச் சொல்லவேயில்லயே, எங்க பதில் வாற?"

ஆட்டோக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு போவார். அடுத்த நாள் வாசலிலிருந்தே அஸ்ஸலாமு அலைக்கும் என்று கத்திக்கொண்டு வருவார்.

நாங்கள் இருவரும் பின்பக்கம் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் மதியம் சாப்பிடுவோம். அவருடைய உம்மா வைக்கும் சூரை மீன் ஆணம் என்ற குழம்பின் வாசத்துக்கு நான் அடிமை.

"நாளைக்கும் மீன் கொண்டு வாறீங்களா?"

"மீன் சட்டில ஏறட்டும். பிறகு சொல்றன்."

"இன்ஷா அல்லாஹ் எண்டாவது சொல்லலாம்தானே?"

"அது பெரிய வார்த்த புள்ள. சூர மீனுக்கெல்லாம் இழுக்கிறல்ல."

அடுத்த நாள் இரண்டு துண்டு மீன் இருக்கும். கொண்டு வருவேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கொண்டு வராத நாளும் மிகக் குறைவு.

ஒரு நாள், தொழுதுவிட்டு முகத்தில் ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தார். ளுஹர் தொழுதாச்சா என்று சும்மா கேட்டேன்.

"தொழுதன். போய்ச் சேந்துதா எண்டு அவனுக்குத்தான் தெரியும்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்று பலர் பல காரணம் சொன்னார்கள். ஆட்டோக்காரரிடம் ஒரு கதை இருந்தது. சேர் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் மேலாளரிடம் இன்னொன்று. இரண்டிலும் யாரோ ஒருவர் வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போயிருந்தார். நான் நேரே கேட்டேன்.

"கதை ஒண்டுமில்ல. எனக்கு அப்பிடித்தான் வருது. ஒனக்கு இடக்கையால எழுத வருது, யாரும் ஏன் எண்டு கேட்டாங்களா?"

"கேட்டாங்க ராத்தா. உம்மா அடிச்சும் பாத்தா."

அவர் சிரித்தார். "எனக்கும் அடி விழுந்திரிக்கி."

அவருடைய இந்தக் குணத்தை நான் எப்போதும் ரசித்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் பயந்தேன்.

வீரமுனையிலிருந்து ஒரு வயற்காரர் தன் மகளின் இரத்தத்தைக் கொடுத்திருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. டொக்டர் ஏதோ பெரிய பெயரைச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து அவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேயிருந்தார். முடிவு திரையில் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்பது என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் டொக்டர் கையெழுத்து வைக்கவில்லை.

"தங்கச்சி, நல்லதா கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க."

"பொறுங்கண்ணன். ரிப்போட் முடியல்ல."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு நேரில் வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று ராத்தாவின் முகத்தையே பார்த்தார். அந்த முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது. நான் பக்கத்தில் குனிந்து, "சொல்லுங்க ராத்தா, பாவம்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்து வந்து, அச்சாகி, முத்திரை காய்ந்த பிறகு தாளை நீட்டினார்.

"ஓம் அண்ணன். பயமில்ல. ஒண்டுமில்ல."

வயற்காரர் தாளை வாங்கவில்லை. "உங்களுக்கு முந்தியே தெரியுந்தானே?" என்று கேட்டார். பிறகு குரல் உடைந்தது. "ஒரு ஓம் சொன்னா உங்கட வாய் தேஞ்சா போகும்? பெத்தவன் நிக்கிறன் இஞ்ச."

ராத்தா தாளைக் கண்ணாடிக்குக் கீழால் அவர் பக்கம் தள்ளினார். வயற்காரர் போன பிறகு ராத்தா ஒரு போத்தல் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அன்று மதியச் சோறு திறக்கப்படவில்லை.

அந்த வயற்காரர் பிறகும் வந்திருக்கிறார். ஆனால் தொலைபேசியில் கேட்பதில்லை. வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ராத்தா நிமிரும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது நம்பிக்கையா வெறுப்பா என்று எனக்கு விளங்கவில்லை. நான் மின்விசிறியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பி வைப்பேன்.

ராத்தாவின் காக்கா இதற்கு நேரெதிர். கல்முனையில் சீமெந்தும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். வாப்பா இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளை. நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் கேள்வி முடியும் முன்பே ஓம் என்பார். பள்ளிவாசல் கூரைக்கு ஓம், மச்சானின் கடைப் பலகைக்கு ஓம். காலையில் மோட்டார் சைக்கிளில் தங்கச்சியை இறக்கிவிடும் நாட்களில், வாசலில் நின்று சொல்வார்.

"ஓம் ஓம், பின்னேரம் நான் வந்து ஏத்துறன்."

அவர் போனதும் ராத்தா என்னிடம் கேட்பார்: "பின்னேர பஸ் எத்தின மணிக்குப் புள்ள?" காக்கா வந்த நாளும் உண்டு. வராத நாளும் உண்டு. இரண்டுக்கும் அவர் ஆயத்தமாகவே இருந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டிக் கொடுப்பது பெற்றவரும் கூடப்பிறந்தவரும். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். காக்கா தன் கடைச் சீமெந்தில் தங்கச்சிக்கு வீடு எழுப்பினார். தரைக்கு மாபிள் பதித்து, முன்கதவு பொருத்திய பிறகு சம்பந்தம் வந்தது. நிந்தவூர் மாப்பிள்ளை. பாடசாலை ஆசிரியர். ராத்தா ஒன்று மட்டும் கேட்டார்: அவரோட ஒருக்காக் கதைக்கணும்.

"ஓம்" என்றார் காக்கா.

நான் ஒவ்வொரு கிழமையும் கேட்டேன். "கதைச்சீங்களா ராத்தா?"

"காக்கா ஓம் எண்டிரிக்கார்." அவ்வளவுதான் சொல்வார். காக்கா ஓம் என்றதற்கும் கதைத்து முடிந்ததற்கும் நடுவில் அவருக்குள் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

"அப்பிடி என்ன கேக்கப் போறீங்க?"

"அத அவருக்கிட்டத்தான் கேக்கிற."

கலியாணத் திகதி குறித்தாயிற்று. அழைப்புக் காட் அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், போனார்கள். கதைக்கவில்லை.

நிக்காஹ் அந்தப் புது வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. ஆண்கள் முன் ஹோலில். நாங்கள் உள்ளறையில். ராத்தா கட்டிலில் உட்கார்ந்திருக்க, நான் சாய்ந்திருந்த யன்னலால் ஹோலின் ஒரு பகுதி தெரிந்தது. வெள்ளைத் தொப்பிகள். நடுவில் மாப்பிள்ளை, கைகளை மடியில் கோத்தபடி. ஓரத்தில், பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுகள் மூடி அடுக்கியிருந்தன. நெய்ச் சோற்றின் வாசம் உள்ளறை வரை வந்தது.

வாப்பாவுக்குப் பதில் காக்காதான் பொறுப்புக்காரர். இரண்டு சாட்சிகளோடு அறை வாசலுக்கு வந்தார். புதுச் சட்டை. கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, இந்த மாப்பிளைக்கி, பேசின மஹருக்கு, உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்க எனக்குச் சம்மதம் தாறியா?"

ராத்தா பேசவில்லை.

அந்த நேரத்தில் பெண் பேசாதிருப்பது எங்களிடம் வழக்கம். பேசாவிட்டால் சம்மதம். வெட்கத்துக்குக் கொடுத்த மரியாதை அது. என் உம்மாவும் பேசவில்லை, அவருடைய உம்மாவும் பேசியிருக்க மாட்டார்.

"வெக்கப்படுறா. ஓம் எண்டுதான். நீங்க போய் முடிங்க" என்றார் ராத்தாவின் உம்மாவின் தங்கை, சாச்சி. சாட்சிகள் திரும்பினார்கள்.

"பொறுங்க."

ஆய்வுகூடத்தில் எத்தனையோ தடவை கேட்ட அதே குரல். உயரவுமில்லை, தாழவுமில்லை.

"நான் இன்னும் சொல்லல்ல காக்கா."

"பேசாம இரிந்தாப் போதும் மகள்" என்று சாச்சி அவர் தோளைத் தடவினார். "அதுவே ஓம்தான்."

"மத்தவங்களுக்கு இரிக்கும் சாச்சி. எனக்கில்ல." பிறகு காக்காவைப் பார்த்தார். "அவரோட ஒருக்காக் கதைக்கணும் எண்டு கேட்டன். ஓம் எண்டீங்க. இன்னும் கதைக்கல்ல."

"இப்பவா? வெளிய சனம் இரிக்கி தங்கச்சி. சஹன் வெச்சாச்சி."

"ரெண்டு வார்த்த. கதவுக்கு அங்கால நிண்டாலும் போதும்."

"முடிஞ்ச பிறகு வாழ்நாள் முழுக்கக் கதையன்."

"பிறகு கதைக்கிறத்துக்கு இப்ப ஓம் சொல்லேலா காக்கா."

காக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அந்த நிமிடம் வரைக்கும் தான் ஒரு வாக்கை மறந்தது தெரியாது என்று நினைக்கிறேன். வெளியே போனார். நான் யன்னலால் பார்த்தேன். காக்கா குனிந்து மாப்பிள்ளையின் பெரியப்பாவின் காதில் சொன்னார். அது மாப்பிள்ளைக்கும் கேட்டது. அவர் எழுந்தார். முழுதாக அல்ல, பாதி. உள்கதவைப் பார்த்தார். பெரியப்பா அவர் தோளில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு கேள்வி கேக்கிற நிக்காஹ்வ நாங்க கண்டதில்ல" என்று ஒரு குரல் ஹோலில் எழுந்தது. பிறகு கதிரைகள் இழுபடும் ஓசை.

உள்ளறையில் பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சாச்சி அழுதுகொண்டு போனார். கடைசியில் நானும் அவரும் மட்டும். அவர் மருதாணிக் கைகளை விரித்து மடியில் வைத்திருந்தார், இன்னும் காயவில்லை என்பதுபோல.

"போயிட்டாங்களா?"

"ஓம் ராத்தா."

"பாத்தியா?"

நான் எழுந்து யன்னலடிக்குப் போனேன். கடைசி வேன் குறுகிய ஒழுங்கையில் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "இன்னும் இல்ல" என்றேன். அது திரும்பி, சந்தி வரை போய், மறையும் வரைக்கும் நின்றேன்.

"இப்ப ஓம்."

அவர் தலையாட்டினார். எழுந்துபோய் முகம் கழுவினார்.

மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டாள் என்று ஊர் பேசியது. நிக்காஹ் சபையில் பெண் இல்லை என்றாள் என்று நிந்தவூரில் பேசினார்கள். "நான் வேணாம் எண்டு சொல்லல்ல புள்ள" என்று அவர் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார், குழாய்களைத் தாங்கியில் நிறுத்திக்கொண்டே. "பொறுங்க எண்டுதான் சொன்னன்." பேசாமலிருந்தால் ஓம் என்று எழுதிக்கொள்வார்கள். பொறுங்க என்றால் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ள ஓர் இடம் யாரிடமும் இருக்கவில்லை.

காக்கா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். மோட்டார் சைக்கிள் வரவில்லை. வீடு அவருடைய இளைய தங்கச்சிக்குப் போனது. அவளுக்கு அடுத்த பெருநாளுக்குள் கலியாணம் முடிந்தது. ராத்தா தனக்கென்று கட்டிய வீட்டின் பின்னறைக்கு மாறினார். ஆய்வுகூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. பெட்டியைக் கொண்டுவரும் ஆட்டோக்காரர் வாசலில் சலாம் சொல்லிவிட்டு, கடைசிக் குழாய் வரை மரியாதையாக நின்றார்.

"இப்ப அவன் பகிடி விடுறல்ல, பாத்தியா?" என்றார் ராத்தா.

அதற்குப் பிறகுதான் கட்டார் நாட்டுக்குப் போகும் கதை வந்தது. வந்தது என்றால், எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை மேசை இழுப்பறையைத் துடைத்து, கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். எனக்கு விளங்கியது.

"திரும்பி வருவீங்களா ராத்தா?"

"பொறு புள்ள."

மறுநாள் தொலைபேசியில் ஒரு செய்தி: பஸ்ஸில ஏறிட்டன். அதற்கடுத்த நாள் இன்னொன்று: வந்திட்டன். அங்கும் ஓர் ஆய்வுகூடம், அங்கும் முன்மேசை. ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒரு தடவை எழுதினார். பிறகு பெருநாட்களுக்கு. ஒருநாளும் சுகமாக இருக்கிறேன் என்று எழுதியதில்லை. சாப்பிட்டன், தூங்கி எழும்பினன், மழை பெஞ்சிது. எல்லாம் முடிந்தவை.

இப்போது அந்த முன்மேசையில் சிரித்த முகமுள்ள இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்பதற்கு முன்பே ஓம் என்பார்கள். நான் மதியம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் தனியே சாப்பிடுகிறேன். சேர்வர் அறையின் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சேர் அந்த அறைக்குள் வந்தார்.

"மகள், இத ஒரு கிளிக்கில சரியாக்கலாமாமே. கொழும்பில தெரிஞ்ச ஒருத்தர் சொல்றார்."

"ஏலும் சேர். பெட்டரி இல்லாமலே முந்தி மாதிரி ஒடனே ஓம் சொல்லச் சொல்லலாம்."

"அப்ப சொல்ல வையுங்களன். வெளிய சனம் கத்துது."

"கரண்ட் போனா?"

"யூபிஎஸ் இரிக்கே."

"அதிட நிலம ஒங்களுக்குத் தெரியுந்தானே சேர். கரண்ட் போற நேரம் கையில இரிக்கிறதெல்லாம் போயிரும். ரிப்போட் கிடைச்சிது எண்டு நம்மட பிள்ளைகள் சொல்லியிருப்பாங்க, உள்ள ஒண்டும் இரிக்காது. ஆர்ர ரிப்போட் எண்டும் தெரியாது."

"பெட்டரி வாற மட்டுந்தானே."

"பொறுங்க சேர்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. சேர் என்னைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது, அவர் கண் முன்மேசைப் பக்கம் போய் வந்தது.

"அவட காத்துப் பட்டிரிக்கி ஒனக்கு" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

நான் முன்மேசைக்குப் போய், பொத்தானை ஒரு தரம் மட்டும் அழுத்தும்படி சொன்னேன். "அழுத்திட்டுக் கையை மடியில வைங்க. அது ஓம் எண்ட பிறகு எடுங்க." பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் வைத்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் திட்டினார்கள்.

அன்று மதியம் ராத்தாவுக்கு எழுதினேன். சேர்வருக்கு நடந்ததை எழுதிவிட்டு, உங்கள மாதிரியே ஒண்டு இஞ்ச இரிக்கி என்று எழுதினேன். அதற்குக் கீழே, கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததையும் கேட்டேன். உம்மா என்னக் காணுற நேரமெல்லாம் கேக்கிறா. பெருநாளைக்கு ஊருக்கு வாறீங்களா?

இரண்டு கோடுகளும் நீலமாயின. பதில் இல்லை. நீலத்தை நம்பாதே என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். கண்டவங்க எல்லாம் வாசிச்சவங்க இல்ல. புதன், வியாழன் போயின. வெள்ளிக்கிழமை காலை வந்தது.

பொறு.

ஜும்ஆவுக்குப் பிறகு மருதமுனைக்குப் போனேன். அந்த ஒழுங்கையில் தறிச் சத்தம் நின்றிருந்தது, வெள்ளிக்கிழமை என்பதால். ராத்தாவின் உம்மா வாசலிலேயே மறித்தார்.

"என்னவாம்? வாறாளாமா?"

"பொறு எண்டிரிக்கா மாமி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறு எண்டா எழுதினா? நல்லாப் பாத்தியா?"

காட்டினேன். அவருக்கு அந்த எழுத்துச் சிறியது; என் முகத்தைப் பார்த்தே படித்தார்.

"அப்ப இல்ல எண்டு சொல்லல்ல" என்றார்.

ஹோலில் காக்கா இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் உம்மாவைப் பார்க்க வருவார். கையில் பிளேன்டீக் கோப்பை. எங்களைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்னவாம்?"

அந்த நிக்காஹ் நாளுக்குப் பிறகு அவளைப் பற்றி அவன் வாயால் வந்த முதல் கேள்வி அது என்று மாமி பிறகு என்னிடம் சொன்னார். அப்போது மாமி எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நேரே ராத்தா இருந்த பின்னறைக்குப் போய், கதவைத் தள்ளினார். உள்ளே காக்காவின் கடைச் சீமெந்து மூட்டைகள் யன்னலை மறைத்து அடுக்கியிருந்தன. கட்டில் சுவரோடு நிமிர்த்தியிருந்தது.

"இத எடுக்கணும் மகன். காத்து வரணும்."

காக்கா வாசலில் வந்து நின்று மூட்டைகளைப் பார்த்தார். தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"ஓம் உம்மா. பின்னேரம் எடுக்கிறன்."

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் நான் அங்கே இருந்தேன். பிறகு கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்போதைய நிலைமை: பெட்டரிக்குக் கொழும்பில் சொல்லியிருக்கிறோம், அனுப்பியாயிற்று என்கிறார்கள், வந்து சேரவில்லை. சேர்வர் மெதுவாகவே எழுதுகிறது. எழுதியது எதுவும் தொலையவில்லை. நான் புறப்படும்போது பின்னறையில் மூட்டைகள் அப்படியே இருந்தன. ராத்தா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.